ஒப்பந்தம் மட்டுமே வேலி என்றால்: கல்யாணப் படங்களுக்கு லிபர்டேரியன் முறையில் அந்தரங்கப் பத்திரம் எழுதுவது எப்படி

1888-ல் இங்கிலாந்தில் பொல்லார்டு என்ற பெண்மணி ஒரு ஸ்டூடியோவில் காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு பார்த்தால் அதே படம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையாக மாறி, ஸ்டூடியோவின் கண்ணாடிச் சன்னலில் காட்சிக்கு இருந்தது. அந்தரங்க உரிமை என்று தனியாக ஒரு சட்டம் அன்றைக்கு அங்கே இல்லை. ஆனாலும் நீதிபதி தடை விதித்தார். காசு வாங்கிப் படம் எடுத்துத் தருகிறவர் அந்த நெகடிவை வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது, எழுதாவிட்டாலும் அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்றார்.

அரசு தலையிட வேண்டாம், தனி உடைமையும் ஒப்பந்தமுமே போதும் என்கிறவர்கள் லிபர்டேரியன்கள். அவர்கள் சொல்லும் சமூகத்தில் அந்தரங்கத்துக்குக் கிடைக்கும் காவல் ஏறக்குறைய இவ்வளவுதான். அமெரிக்கப் பொருளியலாளர் மர்ரே ராத்பார்டு இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அந்தரங்க உரிமை என்று ஒன்று தனியே கிடையாது. உடம்பும் உடைமையும்தான் உண்டு. உங்கள் தொலைபேசிக் கம்பியில் ஒட்டுக் கேட்பது தப்பு, ஏனென்றால் கம்பி உங்களுடையது. உங்களைப் பற்றி ஒருவர் தெரிந்துகொண்டதை ஊருக்குச் சொன்னால் அதில் குற்றம் எதுவும் இல்லை, சொல்லமாட்டேன் என்று உங்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தால் தவிர.

அந்தக் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் ஒப்பந்தம் எழுத உட்காரும்போது அது நல்ல ஒழுக்கத்தைக் கற்றுத் தருகிறது. "சட்டம் பார்த்துக்கொள்ளும்" என்ற நினைப்பை எடுத்துவிட்டால், பத்திரத்தின் ஓட்டைகள் பளிச்சென்று தெரியும். இங்கே எடுத்துக்கொண்ட உதாரணம் தமிழ்நாட்டில் நடக்கும் ஒரு கல்யாணத்தின் படங்கள். இத்தனை கை மாறுகிற அந்தரங்கப் பொருள் வேறு ஏது? ஒப்பந்தம் ஒன்றே வேலி என்று வைத்துப் பத்திரத்தை எழுதுவோம். இந்தியச் சட்டம் எங்கே வெட்டும், எங்கே தாங்கும் என்பதை இடையிடையே பார்ப்போம்.

கைகளை எண்ணுங்கள்

பேனாவை எடுக்கும் முன் ஒரு தாளில் படம் பயணம் போகும் வழியை வரையுங்கள். புக்கிங் வாங்கும் ஸ்டூடியோ, அது அன்றைக்கு மட்டும் கூப்பிடும் கேண்டிட் போட்டோகிராஃபர், வீடியோக்காரர், ட்ரோன் ஆள், லைட் பிடிக்கும் பையன், கலர் கரெக்‌ஷன் செய்யும் எடிட்டர், ஆல்பம் டிசைனர், ஆல்பம் அச்சிடும் லேப், நேரலை ஒளிபரப்புகிறவர். நடுத்தரக் கல்யாணத்திலேயே எட்டு ஒன்பது கை ஆகிவிடும். உங்களோடு கையெழுத்துப் போடுவது அதில் ஒரே ஒரு கை.

ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவரை மட்டுமே கட்டும். நாட்டுச் சட்டத்திலும் பொதுவிதி அதுதான், லிபர்டேரியன் ஏட்டிலும் அதுதான். கசிவு பெரும்பாலும் நடப்பது மற்ற கைகளில். இதற்கு இங்கிலாந்து அரச குடும்பமே சாட்சி. விக்டோரியா அரசியும் இளவரசர் ஆல்பர்ட்டும் வீட்டுக்கென்று செதுக்கிய சித்திரங்களைப் பிரதி எடுக்க ஓர் அச்சகரிடம் கொடுத்தார்கள். அச்சகத்து வேலையாள் ஒருவர் தனக்கும் சில பிரதிகள் எடுத்து வைத்துக்கொண்டார். அவை கை மாறிக் கடைசியில் ஸ்ட்ரேஞ்ச் என்பவரிடம் வந்து, கண்காட்சி வைப்பதாகப் பட்டியலே தயாராகிவிட்டது. ஸ்ட்ரேஞ்ச் யாரோடும் ஒப்பந்தம் போடவில்லை. 1849-ல் நீதிமன்றம் அவரைத் தடுத்தது, ஆனால் அதற்கு நம்பிக்கை மீறல் என்ற கோட்பாட்டையும் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தம் மட்டும் இருந்திருந்தால் போதுமா என்பதுதான் இன்றுவரை நடக்கும் வாதம்.

லிபர்டேரியன்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. ஒரு பொருளை நிபந்தனையோடு விற்றால் அந்த நிபந்தனை பொருளோடு ஒட்டிக்கொண்டு போகும், அதைப் பெறும் மூன்றாம் ஆளுக்கும் அதற்கு மேல் உரிமை வராது என்று ராத்பார்டு எழுதினார். அமெரிக்க லிபர்டேரியன் வழக்கறிஞர் ஸ்டீஃபன் கின்செல்லா அதை மறுத்தார்: பொருள் வேறு, பொருளைப் பார்த்து ஒருவர் அறிந்துகொண்டது வேறு; அறிவுக்கு உடைமை கிடையாது, ஆகவே மூன்றாம் ஆள் கட்டுப்பட்டவர் அல்ல. பத்திரம் எழுதுகிறவருக்கு வழி எளிது. கின்செல்லா சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். தீர்ப்பு ராத்பார்டு பக்கம் விழுந்தால் லாபம்.

ஒப்பந்தத்துக்கு முன் உடைமை

வாக்குறுதியை விட உடைமை உறுதியானது. ஆகவே முதல் வேலை, படம் பதியும் பொருளையே உங்களுடையதாக வைத்துக்கொள்வது.

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் (கேமரா பதியும் மூலக் கோப்பு) சுமார் 25 முதல் 30 எம்பி வரும். 3,000 படம் என்றால் 75 முதல் 90 ஜிபி. ஒரு கேமராவுக்கு 128 ஜிபி மெமரி கார்டு இரண்டு போதும். இரண்டு சொருகு உள்ள கேமராவானால் ஒரே படம் இரண்டிலும் பதியும். கார்டை உங்கள் பெயரில் பில் போட்டு வாங்குங்கள். முன்பின் தெரியாத கார்டை நம்பிப் படம் எடுக்கமாட்டேன் என்று போட்டோகிராஃபர் சொல்வார், சொல்வது நியாயம். முகூர்த்த நேரத்தில் கார்டு செத்துப்போனால் பழி அவர் தலையில்தான் விழும். ஆகவே எந்த மாடல் என்பதை அவரே சொல்லட்டும், இரண்டு வாரம் முன்பே வாங்கிக் கொடுத்து அவர் கையாலேயே சோதிக்கச் சொல்லுங்கள். பத்திரத்தில் ஒரு வரி:

"இணைப்பு 1-இல் வரிசை எண்ணுடன் குறித்த மெமரி கார்டுகளும் அவற்றில் பதிந்த எல்லாக் கோப்புகளும் வாடிக்கையாளரின் உடைமை. ஸ்டூடியோ அவற்றை வேலை முடியும்வரை பாதுகாப்பாளராக மட்டுமே வைத்திருக்கும். ஸ்டூடியோவின் கடனுக்கோ விற்பனைக்கோ அவை சேராது."

கடைசி வாக்கியம் வெட்டியாகத் தெரியலாம். ஸ்டூடியோ கைமாறினால் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தே போகும். புதிய முதலாளி உங்களோடு கையெழுத்துப் போட்டவர் அல்ல.

பதிப்புரிமையில் இந்தியச் சட்டம் நீங்கள் நினைப்பதை விட உங்கள் பக்கம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17(பி): காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை. அந்தக் கடைசிச் சொற்றொடரைக் கவனியுங்கள். புக்கிங் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "படங்களின் உரிமை ஸ்டூடியோவைச் சேர்ந்தது" என்று இருந்தால், அதில் கையெழுத்தும் போட்டிருந்தால், சட்டம் கொடுத்ததை நீங்களே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அந்த வரியை அடித்து இரண்டு பேரும் ஓரத்தில் சுருக்கொப்பம் இடுங்கள்.

"வெளியிடமாட்டேன்" என்று எழுதாதீர்கள்

பெரும்பாலான பத்திரங்கள் சொதப்பும் இடம் இதுதான். "ஸ்டூடியோ படங்களை ரகசியமாக வைத்திருக்க ஒப்புக்கொள்கிறது" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் இருக்காது.

லிபர்டேரியன் எழுத்தாளர் வில்லியம்சன் எவர்ஸ் 1977-இல் முன்வைத்து, ராத்பார்டு எடுத்துக்கொண்ட ஒப்பந்தக் கோட்பாடு இதைக் கறாராகப் பார்க்கிறது. வெறும் வாக்குறுதி யாரையும் கட்டாது. மனிதன் தன் மனத்தை விற்க முடியாது. நாளைக்கு அவன் மனம் மாறலாம். கைமாற்ற முடிந்தது பொருள் மட்டுமே. ஆகவே செல்லுபடியாகும் ஒப்பந்தம் என்பது ஒரு பொருளின் உரிமையை நிபந்தனையோடு மாற்றிக் கொடுப்பது. நிபந்தனை நிறைவேறிய நொடியில் அந்தப் பணம் உங்களுடையது. அதைத் தராமல் வைத்திருப்பது உங்கள் பணத்தைத் திருடி வைத்திருப்பதற்குச் சமம்.

தமிழ்நாட்டில் வாடகை வீட்டில் இருந்த எவருக்கும் இது புதிது அல்ல. வீட்டு அட்வான்ஸ் இதேதான். சுவரில் ஆணி அடிக்கமாட்டேன் என்ற வாக்கை வீட்டுக்காரர் நம்புவதில்லை. அவர் நம்புவது பத்து மாத அட்வான்ஸை. வீட்டுக்காரர்கள் பெயிண்ட் செலவு என்று அதில் பிடிக்கும் பிடியும் நமக்குத் தெரியும். பிணைத்தொகை யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அதில் கைவைக்கும் ஆசை வரும் என்ற பாடமும் அதிலேயே இருக்கிறது.

ஆகவே ஷரத்தை இப்படி எழுதுங்கள்:

"ஒப்பந்தத் தொகையில் ரூ. ______ பிணைத்தொகையாக ______ அவர்களிடம் இருக்கும். இணைப்பு 2-இல் கண்ட படங்களில் எதையும் வாடிக்கையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஸ்டூடியோவோ, ஸ்டூடியோ வழியாகப் படத்தைப் பெற்ற எவருமோ வெளியிட்டால், அந்த நிகழ்விலேயே இத்தொகையின் உரிமை வாடிக்கையாளருக்கு மாறுகிறது. 12 மாதம் வரை அவ்வாறு நேராவிட்டால் தொகை ஸ்டூடியோவுக்குச் சேரும். பிணைத்தொகை விடுவிக்கப்படுவது பிற்கால மீறலுக்கான கோரிக்கையை விட்டுக்கொடுத்ததாகாது."

"ஸ்டூடியோ வழியாகப் பெற்ற எவருமோ" என்ற சொற்களை வெட்டச் சொல்லி ஸ்டூடியோ வாதாடும். விட்டுவிடாதீர்கள். எட்டுக் கைகளையும் உங்களால் கட்ட முடியாது. ஆனால் அந்த எட்டுக் கைகளின் தப்புக்கும் முதல் கையிடம் பணம் இருந்தால், மற்றவர்களைக் கட்டும் வேலையை முதல் கையே பார்த்துக்கொள்ளும்.

*எவ்வளவு தொகை?* மீறுகிறவருக்குக் கிடைக்கும் லாபத்தை, மாட்டிக்கொள்ளும் வாய்ப்பால் வகுங்கள். உதாரணத்துக்கு, மணப்பெண் அலங்காரப் படம் ஒன்று இன்ஸ்டாகிராமில் ஓடினால் ஸ்டூடியோவுக்கு இன்னொரு புக்கிங் வந்து ரூ. 30,000 லாபம் நிற்கும் என்று வையுங்கள். பத்து முறை மீறினால் ஐந்து முறைதான் உங்களுக்குத் தெரியவரும் என்றால், 30,000-ஐ அரையால் வகுக்க 60,000. பிணை அதற்குக் கீழே இருந்தால், மீறிவிட்டுக் கட்டிவிடுவதே ஸ்டூடியோவுக்கு லாபம். அதற்கு மிக மேலே, ஐந்து லட்சம் பத்து லட்சம் என்று போட்டால் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். போடுகிறவர் பத்திரத்தைப் படிக்காதவர்.

மொத்த வேலையே இரண்டு லட்ச ரூபாய் என்னும்போது 60,000-ஐ ஓராண்டு முடக்கச் சம்மதிப்பது கஷ்டம். தொழிலில் பெரும்பாலோர் ஆல்பம் கொடுக்கும் முன் முழுப் பணத்தையும் வாங்கிவிடுவார்கள். நடைமுறையில் ஒத்துவரும் பாதி வழி: ரூ. 20,000 ரொக்கமாக முடங்கும். மீதி 40,000-க்கு ஸ்டூடியோ முதலாளி தன் பெயரிலும் ஒரு ஜாமீன்தாரர் பெயரிலும், மீறல் நடந்தால் அந்தப் பணம் உங்களுடையது என்று எழுதித் தருவார். சீட்டு எடுக்க ஜாமீன் போடுவது போலத்தான்.

*யாரிடம் வைப்பது?* உங்களிடமும் வேண்டாம், ஸ்டூடியோவிடமும் வேண்டாம். லிபர்டேரியன் எழுத்துகளில் இந்த இடத்துக்குப் பிணை நிறுவனம் வரும்: பணத்தை வைத்துக்கொண்டு, மீறல் நடந்ததா என்று பார்த்து, சேர வேண்டியவருக்குக் கொடுக்கும். நம்மூரில் இரு தரப்புக்கும் தெரிந்த வழக்கறிஞரோ ஆடிட்டரோ அந்த வேலையைச் செய்யலாம். அவர் எந்தத் தாளைப் பார்த்ததும் பணத்தை விடுவிக்க வேண்டும் என்று எழுதுங்கள்: இருவரும் கையெழுத்திட்ட கடிதம், அல்லது தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் நடுவரின் தீர்ப்பு நகல். "நியாயமாகத் தோன்றினால்" என்று எழுதினால் நல்ல மனிதர் ஒருவரை வீணாகச் சண்டைக்குள் இழுத்துவிடுகிறீர்கள்.

எது அந்தரங்கம் என்று பட்டியல் போடுங்கள்

"எல்லாப் படங்களும் ரகசியம்" என்பது வலுவாகத் தெரியும். உண்மையில் அதுதான் பலவீனம். மேடையில் மாலை மாற்றும் படத்தை மண்டபத்தில் ஆயிரம் பேர் பார்த்தாயிற்று, பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் போட்டாயிற்று. அதை வெளியிட்டதற்குப் பிணையைக் கேட்டால் எந்த நடுவரும் சிரிப்பார். அதோடு உங்கள் உண்மையான குறையும் சேர்ந்து இலேசாகிவிடும். மூன்று வகையாகப் பிரியுங்கள்.

முதல் வகை, எந்நாளும் வெளிவரக் கூடாதவை: மணமகள் அறையில் அலங்காரத்துக்கு முன்னும் நடுவிலும் எடுத்தவை, குழந்தைகளின் தனிப்படங்கள், அழுகிற படங்கள், யார் எவ்வளவு மொய் எழுதினார் என்று தெரிகிற படங்கள், நகை வரிசை, அழைப்பிதழில் முகவரி தெரியும் நெருக்கக் காட்சி. மொய் நோட்டைப் படம் எடுத்து அதைக் கலைநயமாகப் போடும் கேண்டிட்காரர்கள் இருக்கிறார்கள். உறவில் தீ வைக்க அது ஒன்றே போதும். இரண்டாம் வகை, சம்மதம் கேட்டு வெளியிடலாம். மூன்றாம் வகை, மேடைப் படங்கள், தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். இந்த மூன்றாம் வகையை முதலிலேயே கொடுத்துவிட்டால் விலை பேசும்போது கைகொடுக்கும். ஸ்டூடியோவுக்கு விளம்பரம் வேண்டும், அது நியாயமான தேவை.

சம்மதத்தை யார் கொடுப்பது? மணமகன், மணமகள் இருவரும் சேர்ந்து, எழுத்தில். இருவரில் ஒருவர் திரும்பப் பெற்றாலும் ஸ்டூடியோ 7 நாளில் எடுத்துவிட வேண்டும். கல்யாணப் பத்திரத்தில் மணமுறிவைப் பற்றி எழுதுவது அபசகுனம் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தச் சொல்லே வராமல் "இருவரில் எவரும், எக்காலத்திலும், காரணம் கூறாமல்" என்று எழுதினால் போயிற்று. பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டது பெண்ணின் அப்பா என்றாலும் சம்மதம் அவருடையது ஆகாது. படத்தில் இருப்பவர்கள் தனியே கையெழுத்திடட்டும்.

18 வயது நிரம்பாத உதவியாளரிடம் ரகசிய உறுதிமொழி வாங்காதீர்கள். மைனரோடு போட்ட ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்பது 1903-இலிருந்து இந்தியாவில் நிலைத்த சட்டம். அந்தப் பையனின் கைபேசிக்கு ஸ்டூடியோவே பொறுப்பு என்று எழுதுங்கள்.

இன்னொரு ஷரத்து லிபர்டேரியன் சமூகத்தில் கட்டாயம் வேண்டும், இங்கேயும் கெடுதல் இல்லை. ராத்பார்டின் கணக்கில் மிரட்டிப் பணம் கேட்பதுகூடக் குற்றம் அல்ல. பேச உரிமை உள்ளவன் பேசாமல் இருக்க விலை கேட்கிறான், அவ்வளவுதான். இந்தியாவில் அது குற்றம். உங்கள் பத்திரத்திலும் அது மீறலாக இருக்கட்டும்: "வெளியிடாமல் இருப்பதற்காகவோ, கோப்புகளைத் திருப்பித் தருவதற்காகவோ ஒப்பந்தத் தொகைக்கு மேல் பணம் கேட்பது, வெளியிட்டதற்குச் சமமான மீறல்." கடைசித் தவணையைக் கட்டும்வரை ஸ்டூடியோ ஆல்பத்தைப் பிடித்துவைப்பது இதில் சேராது என்பதையும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் நேர்மையான ஸ்டூடியோவும் கையெழுத்துப் போடாது.

விருந்தினர்கள்

இவர்களிடம் பத்திரமும் இல்லை, பிணையும் இல்லை. இங்கே உங்களுக்கு இருப்பது இடத்தின் மீதான உரிமை மட்டும். மண்டபத்தை வாடகைக்கு எடுத்த நாளில் யார் உள்ளே வரலாம், எந்த நிபந்தனையில் வரலாம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் நிபந்தனை உள்ளே வருவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும். பந்தியில் உட்கார்ந்தவரிடம் போய்ச் சொல்வது நிபந்தனை அல்ல, வேண்டுகோள்.

இதன் எல்லையை 2000 நவம்பர் 18-ஆம் தேதி நியூயார்க் பிளாசா ஹோட்டலில் நடந்த மைக்கேல் டக்ளஸ் – கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ் திருமணம் காட்டியது. படங்களை வெளியிடும் தனியுரிமையை அவர்கள் 'ஓகே' என்ற பிரிட்டிஷ் பத்திரிகைக்குப் பத்து லட்சம் பவுண்டுக்குக் கொடுத்திருந்தார்கள். விருந்தினர் கேமரா கொண்டுவரத் தடை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் உண்டு. அப்படியும் ஒருவர் உள்ளே நுழைந்து திருட்டுத்தனமாகப் படம் எடுத்தார்; போட்டிப் பத்திரிகை 'ஹலோ' அதை வெளியிட்டது. இங்கிலாந்தில் வழக்குப் பல ஆண்டு நடந்தது. தம்பதிக்குக் கிடைத்தது 14,600 பவுண்டு. 'ஓகே'வுக்குக் கிடைத்தது பத்து லட்சத்துச் சொச்சம். மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 2007-இல் அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை மீண்டும் நிலைநிறுத்தியது. மனம் நொந்ததற்கு விலை சொல்ல நீதிமன்றத்துக்கு அளவுகோல் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை இருந்தால் அளவுகோல் அங்கே இருக்கிறது. லிபர்டேரியன் கண்ணில் பார்த்தால், அத்துமீறி நுழைந்தவர் மேல் வழக்குத் தெளிவு. படத்தை வாங்கிப் போட்ட பத்திரிகை மேல் தெளிவு இல்லை.

நம்மூர் மண்டபத்துக்கு வந்தால்: தாலி கட்டும் நேரத்தில் நூறு கைபேசி உயரும். அதைத் தடுக்கப் போனால் மாமன் மச்சான் உறவுதான் முறியும். ஆகவே மண்டபம் முழுக்கத் தடை போடாதீர்கள். மணமகள் அறைக்கு மட்டும் போடுங்கள்: கதவுக்கு வெளியே எழுதிய அட்டை, வாசலில் ஒரு அத்தை, கைபேசி வைக்க ஒரு கூடை, கேமரா கண்ணை மூடும் ஸ்டிக்கர் இரண்டு தாள். அத்தையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். யாரிடமும் "இல்லை" என்று சொல்லத் தெரியாதவரை அங்கே நிறுத்திப் பயனில்லை.

எந்தக் கையிலிருந்து கசிந்தது என்று தெரிய

மீறல் நடந்ததும் ஸ்டூடியோ எடிட்டரைக் கைகாட்டும், எடிட்டர் லேபைக் கைகாட்டுவார். முன்கூட்டியே அடையாளம் வைத்தால் இந்த விளையாட்டு நடக்காது.

கோப்பின் உள்ளே இருக்கும் தேதி, கேமரா விவரங்களை நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலே அவை உதிர்ந்துவிடும், படமும் சுருங்கிவிடும். படத்திலேயே தெரிகிற வேறுபாடு வேண்டும். முதல் வகைப் படங்களில் 20-ஐத் தேர்ந்தெடுத்து, எடிட்டருக்கு, டிசைனருக்கு, லேபுக்குப் போகும் பிரதிகளில் ஓரத்தை வெவ்வேறு அளவில் வெட்டச் சொல்லுங்கள். அது மட்டும் போதாது, போடுகிறவர் மேலும் வெட்டினால் ஓர வித்தியாசம் போய்விடும். பின்னணியில் ஒரு சிறு பொருளையும் மாற்ற வேண்டும்: ஒரு பிரதியில் சுவர்ச் சுவிட்சை அழித்து, இன்னொன்றில் கண்ணாடிமேல் ஒட்டிய பொட்டை அழித்து. எந்தப் பிரதியில் எது என்ற பட்டியலை ஒவ்வொரு கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் எண்ணோடு (கோப்பிலிருந்து மென்பொருள் கணக்கிட்டுத் தரும் கைரேகை போன்ற எண்) பிணை வைத்திருப்பவரிடம் ஒட்டிய உறையில் கொடுங்கள். பட்டியல் கசிவுக்கு முன்பே இருந்தது என்பதற்கு அந்த உறையின் தேதியே சாட்சி.

அழிப்பது

"வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும்" என்ற ஷரத்தால் ஆல்பம் வருவதற்கு முன்பே படங்களை இழந்துவிடவும் கூடும். ஆல்பம் கையில் கிடைத்து 30 நாள் வரை இரண்டு இடத்தில் பிரதி இருந்தே ஆக வேண்டும். அச்சுப் பிழை, கிழிந்த பக்கம் எல்லாம் அப்போதுதான் தெரியும். அதன் பிறகு அழிப்பு நாள்.

அழிக்க வேண்டிய இடங்களைப் பெயர் சொல்லிப் பட்டியல் போடுங்கள்: ஸ்டூடியோ கணினி, வெளி ஹார்டு டிஸ்க், எடிட்டரின் கணினி, கூகுள் டிரைவ், லேபுக்கு அனுப்பிய இணைப்பு, வாட்ஸ்அப் குழு, கைபேசியில் தானாக ஏறிய கூகுள் போட்டோஸ். எல்லோரும் மறப்பது கடைசி இரண்டையும். டிரைவில் அழித்தது குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதையும் காலி செய்ய வேண்டும். மெமரி கார்டில் சாதாரண ஃபார்மட் போட்டால் படங்கள் போகாது. பட்டியல்தான் போகும், இலவச மென்பொருளிலேயே மீட்டுவிடலாம். உங்கள் கார்டு உங்களிடமே திரும்பிவிட்டால் அந்தக் கவலை இல்லை. முதலில் அதை வாங்கிக் கொடுத்ததன் பலன் இங்கே தெரியும்.

முழுக்க அழித்தாயிற்று என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆகவே கேட்க வேண்டியது நிரூபணம் அல்ல, பட்டியலில் ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே தேதியும் கையெழுத்தும். பிறகு ஒரு படம் தலைகாட்டினால், அந்தக் கையெழுத்தே பொய் ஆகிவிடும்.

மீறல் நடந்துவிட்டால்

முதல் ஒரு மணி நேரத்தில் செய்யும் தப்பு, கோபத்தில் "உடனே எடு" என்று போன் போடுவது. எடுத்துவிடுவார்கள், சாட்சியமும் போய்விடும். முதலில் பிடித்து வையுங்கள்: முழுத் திரையும் முகவரி வரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட், பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே நகர்த்தும் திரைப்பதிவு, வேறொருவர் கைபேசியிலிருந்தும் ஒரு தடவை. கோப்புகளின் ஹேஷ் எண்ணைக் குறியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63(4) சான்றிதழ் இல்லாமல் மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஏற்க வைப்பது பாடு. அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில் ஹேஷ் எண்ணையும் கேட்கிறார்கள்.

பிறகு எழுத்தில் நோட்டீஸ்: எந்தப் படம், எந்த முகவரி, எந்த ஷரத்து, 48 மணி நேரத்தில் நீக்க வேண்டும். "பணம் தராவிட்டால் போலீசில் சொல்வேன்" என்று எழுதாதீர்கள். பணக் கோரிக்கை ஒரு கடிதம், புகார் தனி வழி; இரண்டையும் கோத்தால் மிரட்டல் உங்கள் பக்கம் திரும்பும். படம் நீங்கியதும் பிணை வைத்திருப்பவருக்கு அறிவிப்பு. ஸ்டூடியோ ஒப்புக்கொண்டால் அன்றே முடியும்.

ஒப்புக்கொள்ளாவிட்டால் நடுவர். பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டியது: ஒரே நடுவர், இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பவர், இடம் சென்னையோ மதுரையோ உங்கள் ஊருக்குப் பக்கமான நகரம், நடுவர் சட்டம் 1996, பிரிவு 29பி-இன் விரைவு முறை. அந்த முறையில் பெரும்பாலும் தாள்களை வைத்தே முடிவு, ஆறு மாதக் கெடு. "நடுவரை ஸ்டூடியோ நியமிக்கும்" என்று அச்சடித்த படிவம் வந்தால் மாற்றச் சொல்லுங்கள். வழக்கில் அக்கறை உள்ள ஒரு தரப்பே தனி நடுவரை நியமிப்பதை 2019-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. நடுவரால் மூன்றாம் ஆளைக் கட்ட முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். உடனடித் தடை வேண்டுமானால் பிரிவு 9-இன் கீழ் நீதிமன்றம் போகலாம்.

லிபர்டேரியன் சமூகத்தில் தீர்ப்புக்குக் கட்டுப்படாதவருக்கு என்ன தண்டனை? போலீஸ் இல்லாமல் இதை நடத்திக் காட்டியவர்கள் வைர வியாபாரிகள். நியூயார்க் வைரச் சந்தையில் தகராறை உறுப்பினர்களே விசாரிக்கிறார்கள். தீர்ப்பை மதிக்காதவரின் பெயர் மற்ற சந்தைகளுக்கும் போகிறது, அதன் பிறகு அவரிடம் யாரும் கல் வாங்குவதில்லை. போட்டோ தொழிலிலும் ஊர்ச் சங்கங்கள் உண்டு. ஸ்டூடியோ உறுப்பினராக இருக்கும் சங்கத்துக்குத் தீர்ப்பின் நகலை அனுப்ப ஸ்டூடியோ சம்மதிக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் செலவில்லாத பிணை. தீர்ப்பு வருவதற்கு முன் இணையத்தில் நீங்கள் திட்டி எழுதினால் அது வேறு கதை, அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும்.

இந்திய நீதிமன்றம் எங்கே வெட்டும்

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74, எழுதிய தொகையை அப்படியே தராது. எழுதியது உச்சவரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டும். நட்டத்தைக் கணக்கிட முடியும் என்றால் நிரூபிக்க வேண்டும், கணக்கிடவே கடினமான வகை என்றால் நேர்மையாக முன்கூட்டி மதிப்பிட்ட தொகையை ஏற்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே தொகைக்குப் பக்கத்திலேயே காரணத்தை எழுதுங்கள்: "அந்தரங்கப் படம் வெளியாவதால் வரும் நட்டத்தை ரூபாயில் கணக்கிடுவது கடினம் என்பதால் இரு தரப்பும் கலந்து மதிப்பிட்ட தொகை இது." லிபர்டேரியன் கோட்பாட்டில் இந்த வரி தேவையே இல்லை. இங்கே இந்த வரிதான் தொகையைக் காப்பாற்றும்.

கேண்டிட்காரர் இனி வேறு ஸ்டூடியோவுக்கு வேலை செய்யக் கூடாது என்பது போன்ற ஷரத்து பிரிவு 27-இல் அடிபடும். "30 நாளுக்குள் கேட்காவிட்டால் உரிமை போய்விடும்" என்பது பிரிவு 28-இல் அடிபடும். ஒப்பந்த மீறலுக்கு வழக்குக் கெடு மூன்று ஆண்டு. குற்றத்தை மறைக்கும் ரகசியம் எந்தப் பத்திரத்திலும் நிற்காது, ஆகவே போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் உண்மை சொல்வது மீறல் அல்ல என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

தாங்கும் இடங்களும் உண்டு. ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடர்பாக நக்கீரன் ஆசிரியர் தமிழ்நாடு அரசுக்கு எதிராக நடத்திய வழக்கில், 1994-இல், தனித்துவிடப்படும் உரிமை உச்ச நீதிமன்றத்தில் இடம்பிடித்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஒப்பந்தப்படி சேவை செய்யும்போது கையில் வந்த தனிப்பட்ட தகவலை, நட்டம் விளைவிக்கவோ ஆதாயம் பார்க்கவோ வெளியிட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72ஏ ரூ. 25 லட்சம் வரை அபராதம் என்கிறது (2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் மூன்று ஆண்டு வரை சிறை என்றது). கையெழுத்துப் போடாத எடிட்டரைத் தொட உங்களுக்கு இருக்கும் வழி பெரும்பாலும் இவைதான்.

பத்திரத்தை முத்திரைத்தாளில் எழுதுங்கள். முத்திரை இல்லாத தாளைச் சாட்சியமாக வைக்கும்போது குறைந்த தீர்வையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை அபராதம் கட்ட நேரலாம். இரண்டு அசல் பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பின் கையெழுத்து, இரண்டு சாட்சி, பிணை வைத்திருப்பவரின் ஒப்புதல் கையெழுத்து. கார்டுகளின் வரிசை எண், படவகைப் பட்டியல், அழிப்புப் பட்டியல் மூன்றும் இணைப்புகள். எல்லாம் முதல் அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே முடியட்டும். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி நீட்டினால் ஸ்டூடியோக்காரர் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.